பூந்தமல்லி வரைக்கும் வாசனை

செம்பரம்பாக்கத்தில் குடியிருக்கிறேன் என்றால் நகரத்து உறவினர்களுக்கு உடனே பொறாமை வந்துவிடும். "ஏரிக்கரையாச்சே, சிலுசிலுன்னு இருக்குமே!" என்பார்கள். எங்கள் ஏரியைப் பேப்பரில் மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று மழைக்காலத்தில் தினமும் படித்து மனப்பாடம் செய்தவர்கள். சித்திரை மாதத்தில் அதே ஏரி வெயிலை வாங்கி எங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும் என்பதை எந்தப் பேப்பரும் போடுவதில்லை. கடற்காற்று மதியமே மெரினாவுக்கு வந்துவிடும். வடபழனி, போரூர், பூந்தமல்லி எல்லாம் தாண்டி எங்களிடம் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் பூந்தமல்லியோடு நின்றுவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி அடித்தது. கடலை விட்டு இத்தனை தூரம் தள்ளியிருக்கிற எங்கள் கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு, கத்திரி வெயில் ஆரம்பிக்கும் நேரமாகப் பார்த்து, துபாயிலிருந்து என் மைத்துனன் ஒரு சென்ட் பாட்டிலோடு வந்து இறங்கினான்.

"மாமா, இது வெயிலுக்குன்னே பண்ணது. சிட்ரஸ். அடிச்சா நாள் முழுக்க ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

அட்டைப்பெட்டியில் ஒரு நீலக்கடல், இரண்டாக வெட்டிய ஒரு எலுமிச்சம்பழம், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர். அவர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

மறுநாள் காலை குளித்துவிட்டுக் கழுத்துப் பக்கம் இரண்டு முறை அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பாத்திரம் தேய்ச்சுட்டீங்களா?" குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. இல்லை, சென்ட் என்றதும் அந்த நம்பிக்கை அணைந்த வேகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. மல்லிகைக்குக் கல்யாணம் இருக்கிறது, சந்தனத்துக்கு வரவேற்பு மேசை இருக்கிறது, ஜவ்வாதுக்குக் கோயில் இருக்கிறது. எலுமிச்சைக்கு நாம் கொடுத்திருப்பதெல்லாம் வேலை. ஊறுகாயில் ஊற வேண்டும், பித்தத்தைத் தெளிவிக்க வேண்டும், பாத்திரம் துலக்க வேண்டும், தரை துடைக்க வேண்டும், மிச்ச நேரத்தில் திருஷ்டி கழிக்க வேண்டும்.

பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "என்னா சார், புது வண்டி எடுத்தீங்களா?" நியாயமான கேள்விதான். பெங்களூர் ரோட்டில் பழத்தின் வாசனை கிளம்புவதே டயர் ஏறி நசுங்கும்போதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைத் தாண்டாதே, மிதிக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. ஒருத்தன் அதையே மேலெல்லாம் பூசிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

பஸ் மாறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசனை அநேகமாகப் போயிருந்தது. சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பிடித்துவிட்டார் ஓய்வு பெறப்போகும் எங்கள் ஸ்டோர்கீப்பர். "என்ன சார், ஜுரமா? லீவு போட்டிருக்கலாமே!"

அவர் ஓடிகொலான் காலத்து மனிதர். காய்ச்சல் வந்தால் கைக்குட்டையை அதில் நனைத்து நெற்றியில் போட்ட தலைமுறை. அந்தப் பாட்டிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இத்தாலியில் பிறந்த ஃபரீனா என்பவர், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1709இல் தொடங்கிய கடையில், எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் எண்ணெய்களைச் சாராயத்தில் கலந்து விற்றார். இடம் கொடுத்த ஊரின் பெயரையே சரக்குக்கும் வைத்தார். அதே ஊரில் பின்னால் வந்த போட்டிக்காரர்கள் வீட்டு எண்ணையே பெயராக்கினார்கள். 4711 என்று இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் இதை மேலே பூசினார்கள், சர்க்கரையில் விட்டுக் குடிக்கவும் செய்தார்கள். 1810இல் நெப்போலியன், மருந்து விற்கிறவர்கள் அதன் சூத்திரத்தை வெளியிட வேண்டும் என்று ஆணை போட்டார். ரகசியத்தைக் காப்பாற்ற வியாபாரிகள் ஒரே நாளில் பல்டி அடித்தார்கள்: இது மருந்தே இல்லை, வெறும் வாசனைத் தண்ணீர்! நெப்போலியனுக்குப் பயந்து வாசனையாக மாறியதை, நம் பாட்டிகள் யாருக்கும் பயப்படாமல் திரும்ப மருந்தாக்கிவிட்டார்கள். பாட்டிகள் செய்தது பொருத்தமாகவும் இருந்தது. சாராயம் ஆவியாகும்போது நெற்றிச் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும்.

சூட்டை எடுக்கிற அதே குணம்தான் வாசனையையும் கொண்டுபோய்விடுகிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற சரக்கு. சின்ன மூலக்கூறு, உடம்புச் சூட்டிலேயே பறந்துவிடும். சந்தனத்தில் இருப்பவை கனமானவை, இடத்தை விட்டு எழுந்திருக்காது. கொலோன் வகைகளில் வாசனை எண்ணெயே நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான், மற்றதெல்லாம் சாராயமும் தண்ணீரும். இதமான வெயில் அடிக்கும் ஐரோப்பாவிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கினால் அதிகம். கத்திரியில் செம்பரம்பாக்கத்தில் அடித்தால் பூந்தமல்லி வரைக்கும் வந்ததே அதன் பெருந்தன்மை.

கழுத்தில் அடிக்கிற ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒன்று இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கருந்திட்டு விழும். இப்போது பல கம்பெனிகள் அதை நீக்கிய எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் எலுமிச்சம்பழம் பிழிந்த கையோடு வெயிலில் நின்றாலும் இதே கதி வரலாம். வெயிலுக்கென்றே செய்த சென்டை வெயில் படாமல் போட்டுக்கொள்ள வேண்டும். நான் இப்போது சட்டையில் அடிக்கிறேன்.

எலுமிச்சையை நாமும் ஒரு காலத்தில் வேலையிலிருந்து விடுவித்துக் குளிக்க வைத்ததுண்டு. 1975இல் எலுமிச்சை வாசனையோடு லிரில் சோப்பு வந்தது. கொடைக்கானல் அருவியில் மாடல் கரேன் லூனெல் ஆடிக் குளித்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு தேசமே குளியலறைக்கு ஓடியது. அங்கிருக்கும் பாம்பார் அருவிக்கு 'லிரில் அருவி' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் குளுமையில் சோப்பின் பங்கு எவ்வளவு, அருவியின் பங்கு எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வெயிலில் கொதித்த மாடித் தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் குளிக்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வு, எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பம் முழுவதற்கும் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்கிறது: அசாம், வட மியான்மர், மேற்கு யுன்னான். அங்கே பிறந்து, மேற்கே போய், இத்தாலியில் கலப்புமணம் செய்து, ஜெர்மனியில் பாட்டிலுக்குள் புகுந்து, துபாய் வழியாக செம்பரம்பாக்கம் வந்திருக்கிறது. பூர்வீகத்துக்குத் திரும்பியவரை நாங்கள் பாத்திரம் தேய்க்கச் சொல்கிறோம்.

இத்தனை கேலிக்குப் பிறகும் நான் அந்தப் பாட்டிலைக் கைவிடவில்லை. காரணம், காலை பஸ்ஸில் எனக்கு அடுத்த கம்பியைப் பிடித்துத் தொங்கும் ஓர் அன்பர். அவர் போடும் அத்தர் கனமான ரகம். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், வியர்வையோடு கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். அவர் இறங்கிப் போன பிறகும் அது டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யும். வெயில் காலத்து வாசனை நல்ல விருந்தாளி மாதிரி இருக்க வேண்டும்: வந்தது தெரிய வேண்டும், சாப்பாட்டு நேரத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும். எலுமிச்சைக்கு அந்த இங்கிதம் உண்டு. நெரிசல் பஸ்ஸில் போகிறவனுக்கு அதைவிடப் பெரிய நாகரிகம் வேறில்லை.

போன வாரம் மைத்துனன் போனில் கேட்டான். "மாமா, சென்ட் எப்படி? நாள் முழுக்க நிக்குதா?"

"பஸ்ஸில எனக்கே நிக்க இடமில்ல, அது எங்கடா நிக்கும்? அடுத்த தடவை வரும்போது பெரிய பாட்டிலா வாங்கிட்டு வா" என்றேன்.