இலைத்தூள் வியாபாரம்: தொடங்குவோருக்குச் சில குறிப்புகள்

முருங்கை இலையை இலையாகவே விற்றால் நட்டம். வாங்க வருபவர் கொத்தைத் திருப்பிப் பார்ப்பார், பழுப்பைக் காட்டி விலை குறைப்பார், மயிர்க்கொட்டியைக் கண்டால் வைத்துவிட்டே போய்விடுவார். காயவைத்து அரைத்துப் பொலித்தீன் பையில் கட்டிவிட்டால் நிறத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது.

இடத்துக்குக் கற்பிட்டிக் குடாநாட்டை மிஞ்ச முடியாது. மணல் தரை, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளை நேரே கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார அமைப்பு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. கீரைகள் நைத்திரேற்றை இலையிலேயே சேர்த்து வைக்கும் என்பதால், முருங்கையோடு நிற்காமல் பொன்னாங்காணியும் வல்லாரையும் அந்தத் தண்ணீரில் வளருங்கள்.

காயவைக்க நுரைச்சோலைப் பக்கம் வீதியோரம் படங்கு விரியுங்கள். 900 மெகாவொட் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக் குவியல் கடற்கரையிலேயே கிடக்கிறது. கச்சான் காற்று மாதங்களில் கொடியில் போட்ட வெள்ளைத் துணிக்கு என்ன ஆகிறது என்று அங்குள்ள பெண்களைக் கேளுங்கள், இலைக்கும் அதுவே. லொறிப் புகையும், பக்கத்துப் படங்குக் கருவாட்டிலிருந்து எழுந்து வரும் இலையானும் இலவசம். மாலையில் ஒரு இலையை விரலிடையே கசக்கிப் பாருங்கள். நொறுங்காமல் துவண்டால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே சாக்கில் கட்டுங்கள், நிறை குறையாது. பூஞ்சணம் பிடித்தாலும் ஆலைக்குள் போனால் அதுவும் தூள்தான். செத்தல் மிளகாயை அரை ஈரத்தில் கட்டுவோருக்கு இது பழைய வித்தை. அந்தப் பூஞ்சணத்தில் ஊறும் அஃப்ளடொக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், கறி கொதித்தாலும் அழியாது.

ஐந்து கிலோ பச்சை முருங்கை இலை காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தூள். போனது தண்ணீர் மட்டும். இலையிலும் அதில் படிந்த நிலக்கரித் தூசியிலும் இருந்த உலோகம் எங்கும் போகாது, ஒரு கரண்டிக்குள் ஐந்து மடங்கு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். சத்துக்கும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். விளம்பரத்தில் சத்துக் கணக்கை மட்டும் போடுங்கள்.

நிறம் மங்கினால் மஞ்சள்காரர்களிடம் படியுங்கள். 2019 கடைசியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, அடுத்த வருடம் கிலோ 5000 ரூபாயைத் தொட்டபோது, கற்பிட்டிக் கடலில் கடற்படை கடத்தல் மஞ்சள் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. சந்தையில் மாவுக்கு மஞ்சள் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்றையே பூசியிருந்தார்கள். வாடிக்கையாளர் கெட்டிக்காரராகித் தூளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் பார்க்கட்டும். சாயமும் மாவும்தான் சில வேளை பிடிபடும். ஈயமும் நைத்திரேற்றும் தம்ளரில் தலைகாட்டாது.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) மாதிரி எடுக்கவும் வருவார். அதற்குத்தான் கடைசிக் குறிப்பு. இந்தியாவிலிருந்து போன முருங்கை இலைத் தூளால் 2025இல் அமெரிக்காவில் சல்மொனெல்லா பரவியபோது, எந்தத் தொகுதி என்று இலக்கம் சொல்லித் திருப்பி எடுத்தார்கள். நீங்கள் பையில் இலக்கம், திகதி, முகவரி எதையும் போடாதீர்கள். பச்சை இலைப் படம் ஒன்று போதும்.