தலையாட்ட முடியுமா டாக்டர்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மிதமான' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவே ஜவ்வு மிதமாகப் பிதுங்கியிருக்கிறதாம். வலது கைக்குப் போகிற நரம்பை மிதமாக அழுத்துகிறதாம். ராத்திரியெல்லாம் தலையணையை மாற்றி மாற்றி வைத்து, முனகி, வீட்டில் ஒருத்தரையும் தூங்கவிடாமல் பண்ணியவனுக்குக் 'கடுமையான' என்று ஒரு வார்த்தை போட்டால் என்ன குறைந்துவிடும்? எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் படுத்து, காதுக்குப் பக்கத்தில் தார் ரோட்டை உடைக்கிற மாதிரியான சத்தத்தை அரைமணி நேரம் தாங்கியதற்கு இவ்வளவுதான் மரியாதை.

எதிர்வீட்டுக்காரர் மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "லைன்ல ஒரு இடத்துல பிரஷர் சார். பிரிச்சு மாட்டிட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். மச்சினன் போனிலேயே பதறினான். "மாமா, கழுத்துல கத்தி வைக்க விடாதீங்க. பேசாம புத்தூர் கட்டு போட்டுடலாம்." ஒடிந்த எலும்புக்குத்தானே அப்பா அந்தக் கட்டு, எனக்கு ஒன்றும் ஒடியவில்லையே என்றேன். அவனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மாமியார் யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதில் சுகம் இருந்தது. சூடும் இருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே.

மகள் மட்டும் படித்துவிட்டுப் பேசினாள். ஜப்பானில் கழுத்தைப் பற்றி எந்தப் புகாரும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஆய்வு. அவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஜவ்வு பிதுங்கித்தான் இருந்திருக்கிறது! "படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷன் பண்றதுன்னா ஊர்ல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்கப்பா" என்றாள். நல்ல செய்திதான். ஆனால் எனக்கென்று தனியாக இருந்த ஒரே விசேஷமும் அதோடு போயிற்று.

முதலில் பார்த்த சர்ஜன் ஆபரேஷன் கட்சி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். கழுத்தின் முன்பக்கம் சின்னதாகக் கீறி, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் கொஞ்சம் ஓரமாக ஒதுக்கி, ஜவ்வை மொத்தமாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ சின்னக் கூண்டோ வைத்து, தகடு போட்டு ஸ்க்ரூ முடுக்கிவிடுவார்களாம். சில மாதத்தில் இரண்டு எலும்பும் ஒன்றாகிவிடும். 1950-களிலிருந்து செய்துவருகிற ஆபரேஷன்தான், பயப்பட வேண்டாம் என்றார்.

"வலி பின்னாடி, வெட்டு முன்னாடியா?" என்றாள் என் மனைவி.

பின்னால் தசை அதிகம், முன்னால்தான் வழி சுலபம் என்றார் டாக்டர். கொஞ்ச நாளைக்கு விழுங்கச் சிரமமாக இருக்கலாம். சிலருக்குக் குரல் கம்மிப்போவதும் உண்டு.

"குரல் எத்தனை நாளைக்குப் போகும் டாக்டர்?"

அந்தக் கேள்வியில் இருந்தது கவலைதான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேறு கவலை. இரண்டு எலும்பைச் சேர்த்து முடுக்கிவிட்டால் அப்புறம் தலையாட்ட முடியுமா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருக்கிற ஒரே உத்தியோகம் அதுதான். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார். மேலும் கீழும் ஆட்டுவதில் பெரிய பங்கு மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் நடுவில் நடக்கிறது. பக்கவாட்டில் திருப்புவதில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு எலும்புகளின் வேலை. ஐந்தையும் ஆறையும் ஒட்டுவதால் பெரிய நஷ்டம் இருக்காது. ஆக 'சரி'யும் பத்திரம், 'மாட்டேன்' என்பதும் பத்திரம். இரண்டாவது எனக்கு அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை.

இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று போனோம். அவர் படத்தைத் தொடவே இல்லை. "எது ஜாஸ்தி? கழுத்து வலியா, கை வலியா?" என்று கேட்டார். பரீட்சை ஹால் மாதிரி எனக்கு வேர்த்துவிட்டது. இதற்கு எந்தப் பதில் சரியான பதில்? நரம்பு அழுந்திக் கைக்கு இறங்குகிற வலி என்றால் ஆபரேஷன் நன்றாகக் கேட்கும். வெறும் கழுத்து வலிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கை வலியும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலோ சில மாதத்திலோ தானே தணிந்துவிடும். தண்டுவடமே நசுங்கினால்தான் காத்திருக்கக் கூடாது என்று சொல்லி, அதன் அடையாளங்களை வரிசையாகச் சொன்னார். சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது. கையிலிருந்து சாமான் நழுவுவது. கையெழுத்து மாறுவது. நடை தள்ளாடுவது. சிறுநீர் கட்டுப்பாடு போவது.

கடைசி ஒன்று நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் என் மனைவி தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"பட்டனா டாக்டர்? எங்க ரிசப்ஷன் போட்டோவுலயே ஒண்ணு தள்ளித்தான் போட்டிருக்காரு. கையில கொடுத்த டம்ளர் எதுவும் முழுசா திரும்பி வந்ததில்லை. கையெழுத்து ஒத்துப்போகலன்னு பேங்க்ல செக்கைத் திருப்பி அனுப்பினது அவருக்கு முப்பது வயசுல. நடையைப் பத்தி நான் சொல்லவே வேணாம், உள்ள வரும்போது நீங்களே பார்த்தீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வியாதி எது, சுபாவம் எது என்று பிரிக்க முடியாத கேஸ் அவருக்கும் புதுசாக இருந்திருக்க வேண்டும். சாட்சி விசாரணையை நிறுத்திவிட்டுச் சுத்தியலை எடுத்தார். முட்டியில் தட்டினார். நடுவிரல் நகத்தைச் சுண்டி, கட்டைவிரல் துடிக்கிறதா என்று பார்த்தார். பத்து விநாடிக்குள் எத்தனை தடவை கையை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினார். இருபதைத் தாண்டினால் நல்லதாம். தாண்டினேன். ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். அதையும் நடந்தேன். தண்டுவடத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் சுபாவம்தான் என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாயிற்று.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பிசியோதெரபியும் போதும், கை பலம் குறைந்தால் உடனே வரவேண்டும் என்று முடிவானது. முடிவானது என்கிறேனே தவிர, அதில் என் பங்கு தலையாட்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வேறு ஒரு சிக்கல். வலி வந்ததிலிருந்து கேஸ் சிலிண்டர் தூக்குவதிலிருந்து எனக்கு விதிவிலக்கு. மகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து அதில் மண்ணைப் போட்டாள். நேராக இருந்தால் தலையின் எடை சுமார் 5 கிலோதான். போனைப் பார்க்க 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோ சுமைக்குச் சமம் என்று 2014-ல் ஒரு அமெரிக்க சர்ஜன் கணக்குப் போட்டிருக்கிறாராம். ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கு இருக்கிற அதே ஏழு கழுத்தெலும்புதான், ஆனால் அது இலை தின்ன மேலே பார்க்கிறது என்று என்னமோ சமாளித்தேன். மனைவி காதில் அது விழவில்லை. நிறைந்த சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ வரும்.

"அப்போ ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சிலிண்டரைக் கழுத்துலதான் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் கையால தூக்க முடியாதா?"

மாத்திரையை விழுங்கினேன். நரம்பு மாத்திரையில் தூக்கம் வரும் என்று டாக்டர் சொன்னது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆபரேஷன் இல்லை என்பது எங்களுக்கு முடிவானதே ஒழிய உறவுக்காரர்களுக்கு ஆகவில்லை. மச்சினன் ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லி, லீவும் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஹார்லிக்ஸ், ஆப்பிள், சாத்துக்குடியோடு கூட்டம் வர ஆரம்பித்தது. வாங்கிய பழத்தைத் திருப்பிக் கொடுப்பது எந்த ஊர் மரியாதை? நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தால் தசை பலவீனமாகிவிடும் என்று டாக்டர் ஒதுக்கச் சொன்ன கழுத்துப் பட்டையை மனைவியே ஆணியிலிருந்து எடுத்து வந்து எனக்கு மாட்டிவிட்டாள். பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தழும்பே தெரியலையேடா! நல்ல கைராசிக்கார டாக்டர். பேசிக் கஷ்டப்படாதே, தலையை மட்டும் ஆட்டு."

ஆட்டினேன்.