சிந்தாமணிக் கோழி

கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு என்பது, வீட்டின் பின்கட்டில் ஐந்தாறு கோழிகளை, தீவனத்துக்கென்று பெரிதாகச் செலவழிக்காமல், சிந்திய அரிசியையும் குப்பைமேட்டுப் பூச்சியையும் அண்டை வீட்டுக் கீரைப்பாத்தியையும் நம்பி வளர்க்கும் முறையாகும். இம்மூன்றனுள் கடைசித் தீவனம் கோழி வளர்ப்பு நூல்களில் குறிக்கப்படுவதில்லை எனினும், தெருச் சண்டைகளில் தவறாமல் குறிக்கப்படுகிறது.

தென்காசியிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில், புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வாசுதேவநல்லூரில், பணி ஓய்வு பெற்றதும் இம்முறையைக் கையில் எடுக்கும் குடும்பத்தலைவர் கோழியிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை. அது நாள்தோறும் முட்டையிட வேண்டும், நோயில் விழக்கூடாது, பருந்து வந்தால் பதுங்கவும் நாய் வந்தால் பறக்கவும் அறிந்திருக்க வேண்டும், தானே அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும், இத்தனையும் செய்து முடித்தபின் குழம்பிலும் ருசிக்க வேண்டும். கேட்டதையெல்லாம் தரும் மணிக்குச் சிந்தாமணி என்று பெயர். அவ்வூர்க் கோயிலில் அர்த்தநாரீசுவரராக எழுந்தருளியுள்ள இறைவனுக்கும் சிந்தாமணிநாதர் என்றே பெயர் என்பதால், இக்கோரிக்கையை அங்கு எவரும் பேராசையாகக் கொள்வதில்லை.

இக்கோரிக்கையில் பாதியைக் காலங்காலமாக நிறைவேற்றி வருவது சிறுவிடை எனப்படும் சிற்றுடல் நாட்டுக்கோழி. அது முருங்கைமரம் ஏறி உறங்கும். மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் பருந்தின் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. வேளாவேளைக்கு இரை வைக்கவில்லை என்று எவர் மீதும் வருத்தம் கொள்ளாது. ஆயினும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து முட்டைகள் இட்டதும் அதற்கு அடை கூடிவிடுகிறது. அதாவது, முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இட்டவற்றின் மேல் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. அடைகாக்க 21 நாள், பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய இரண்டு மாதம் என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு நான்கு சுற்றுகூட நிறைவதில்லையாதலால், அறுபது முட்டைகளுக்குள்ளாகவே அதன் வருடாந்திரக் கணக்கு முடிகிறது. அடையைத் தெளிவிக்க மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்கி எடுப்பதும் உண்டு. இவற்றால் கோழிக்கு உண்டாகும் எரிச்சல் உறுதி, முட்டை உறுதியில்லை.

மறுபாதியை நிறைவேற்றுவது நாமக்கல் பண்ணைகளை நிரப்பியிருக்கும் வெள்ளை லெகார்ன். இத்தாலியத் துறைமுகமான லிவோர்னோவின் பெயரைத் தாங்கிய இவ்வினம், அடைகாக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக இழக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டதால், ஆண்டுக்கு முந்நூறு முட்டை அளவில் இடவல்லது. இதன் மஞ்சள் கால் ஆய்வுக்குரியது. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாசுதேவநல்லூருக்கு மேற்கேயுள்ள மலைக்காடும் அக்காட்டுக்கோழியின் வாழிடமே. ஆகவே இத்தாலிக் கோழியின் காலில் ஊராருக்குப் பூர்வீகப் பாத்தியதை உண்டு என்று வாதாடலாம். ஆனால் வெட்டவெளியில் விட்டால் வெள்ளைவெளேரென்ற அக்கோழி பருந்துக்கு விரித்த தலைவாழை இலையாகிவிடும் என்பதால், வழக்கு நெடுநாள் நிலைக்காது.

இரு பாதிகளையும் ஓருடலில் பொருத்தும் முயற்சியாக ஐதராபாத்தின் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் வனராஜா, கிராமப்ரியா ஆகியவற்றை உருவாக்கியது. இரண்டும் புறக்கடை வளர்ப்புக்கென்றே நிறமுள்ள இறகுடன் உருவாக்கப்பட்டவை. வனராஜா நூற்றுச் சொச்சமும் கிராமப்ரியா நூற்றைம்பதுக்கு மேலும் இடக்கூடும். எனினும் முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து உருவான வனராஜா, பெயரில் காடாண்டாலும் எடையில் கல்யாண வீட்டுச் சம்பந்தியை ஒத்திருப்பதால், மரமேறும் பேச்சுக்கே இடமில்லை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவிலிருந்து வந்து 2018-இல் புவிசார் குறியீடும் பெற்ற கடக்நாத் என்னும் கருங்கோழியை, அதன் விலையைச் சொல்லிக் காட்டுவதற்காகவே வளர்ப்போரும் உளர். விருந்தினருக்குக் கோழியைக் காட்டும் வீட்டில் கோழிக்கறி கிடைப்பது அரிது.

எந்த இனமாயினும் வெள்ளைக்கழிச்சலின் முன் ஒன்றே. உத்தராகண்டின் மலையூரான ராணிக்கேத்தின் பெயரால் மருத்துவர்கள் குறிக்கும் இந்நோய், நாட்டுக்கோழிக்கு ஒன்றும் ஆகாது என்ற வீட்டுப்பெருமையை ஒரே வாரத்தில் கூட்டோடு துடைத்துவிடும். குஞ்சுப் பருவத்தில் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தும் பின்னர் போடும் தடுப்பூசியுமே இதற்குக் காப்பு. குற்றாலத்தில் சீசன் தொடங்கி மலைக்காற்றோடு சாரல் வீசும் நாள்களில் கூட்டுத்தரை ஈரமானால், இரத்தக்கழிச்சலும் வந்து சேரும். ஊரே சாரலை அனுபவிக்க அருவிக்குப் போயிருக்கையில் கூட்டுக்குள் உமி மாற்றுபவரே உண்மையான கோழி வளர்ப்பாளர்.

இனிச் செய்யக்கூடியது, சிறுவிடை, கலப்பினம் ஆகிய இருவகைக் கோழிகளையும் ஒரே கொல்லையில் கூட்டுக்குடும்பமாக வைத்து, ஒன்றின் முட்டையை மற்றொன்றின் அடையில் வைப்பதே. ஒற்றைப்படையாக எண்ணிய முட்டைகளைக் கூடையில் பரப்பிய மணல்மேல் அடுக்கி, இடி முழக்கத்தில் கூமுட்டையாகிவிடாதிருக்க ஓர் இரும்புத்துண்டையும் அடுப்புக்கரியையும் காய்ந்த மிளகாயையும் பக்கத்தில் வைத்துச் சிறுவிடையை உட்கார்த்தினால், அது கிராமப்ரியாவின் முட்டையையும் தன்னதாகவே கருதி அடைகாக்கும். ஆனால் கிராமப்ரியா கலப்பினமாதலால், பொரிக்கும் குஞ்சுகள் தாயின் முட்டைவளத்தை அப்படியே கொண்டிருப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்து உறவினரின் சாயலில் வளர்கிறது.

இத்தகைய கொல்லையொன்றில், இனவாரியாகக் கட்டம் போட்ட நோட்டில் முட்டைக்கணக்கு எழுதிவந்த குடும்பத்தலைவரை நோக்கி, பஞ்சாரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அவருடைய ஆச்சி, "முட்டைய எண்ணுனது போதும்ல, பொழுதடைஞ்சா கோழிய எண்ணு" என்று கூறியது, கட்டம் இல்லாத காரணத்தால் நோட்டில் ஏறவில்லை. கோழி இனத்தின் தாக்குப்பிடிக்கும் திறனில் பெரும்பகுதி, மாலையில் கூட்டுக்கதவைச் சாத்தும் கையில் இருக்கிறது என்னும் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாக உரைத்தல் அரிது. அன்று எண்ணியபோது ஒன்று குறைந்தது. கீரி கொண்டுபோயிருக்கும் என்று முடிவுகட்டி நோட்டில் அடிக்கப்பட்ட அந்தச் சிறுவிடை, முருங்கைக் கிளையில் அமர்ந்து, கீழே கூட்டின் வாசற்படியில் ஏற முடியாமல் நின்ற வனராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.