கேளுங்கள், சொல்கிறேன்: வீட்டுக்கொரு குட்டை

தாம்பரம் வாசகி: வீட்டை இடித்ததில் பழைய சிமென்ட் தொட்டி ஒன்று மிஞ்சிவிட்டது. காயலான் கடைக்காரர்கூட எடுக்க மறுக்கிறார். என்ன செய்ய?

அவர் மறுத்தது உங்கள் அதிர்ஷ்டம். விளிம்புவரை தோட்டத்தில் புதையுங்கள், குட்டை தயார். விரிசலைப் பூசினால், புதுச் சிமென்ட் சுண்ணாம்பைக் கக்கும். மூன்று நான்கு முறை நீர் நிரப்பி, ஊறவிட்டு, இறைத்துக் கொட்டுங்கள். உடைந்த செங்கல்லையும் நாட்டு ஓட்டையும் ஒரு பக்கம் படியாக அடுக்குங்கள். தவறி விழுந்த அணில் ஏறி வரவும், குருவி நின்று குடிக்கவும் அந்தப் படிதான் வழி. படியில்லாத தொட்டி பொறி.

கோவை வாசகர்: அடியில் ஃப்ளெக்ஸ் பேனர் விரிக்கலாமா?

தேர்தல் முடிவதற்குள் வெளுத்து உரியும் சரக்கு. வேண்டாம்.

கும்பகோணம் வாசகர்: வாஸ்துப்படி எந்த மூலை?

தவளைக்கு ஈசானி மூலை தெரியாது. பாதி வெயில், பாதி நிழல் விழும் மூலை.

மதுரை வாசகர்: குட்டை வைத்தால் கொசு வருமே?

வரும். தின்ன ஆளும் வரும்! டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம் பழைய டயர், சிரட்டை, ஃப்ரிட்ஜின் பின்தட்டு. அங்கே எதிரி கிடையாது. முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். குட்டையிலோ தட்டானின் குஞ்சு காத்திருக்கும். கீழுதட்டை முகத்துக்கடியில் மடித்து வைத்திருந்து, கொசுப்புழு நெருங்கியதும் கைபோல் சட்டென்று நீட்டிக் கவ்வும். இந்தத் தட்டான்களில் ஒரு வகை மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். பாஸ்போர்ட் இல்லாத அந்தப் பயணிக்கு உங்கள் தொட்டி பிரசவ ஆஸ்பத்திரி ஆகலாம்! தட்டான் வந்து குடியேறும்வரை கொசுப்புழுவை ஒழிக்கும் வேலை உங்களுடையது: வாரத்துக்கு இருமுறை வடிகட்டியால் புழுவை அள்ளிக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்று கம்பூசியா மீனை மட்டும் விடாதீர்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்தது, தலைப்பிரட்டையையும் குதறும்.

திருச்சி வாசகி: ஆகாயத்தாமரை அழகாகப் பூக்கிறதே?

தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடியது போதாதா? அல்லி, கொட்டி, நீர்ப்பிரம்மி, கரையில் வல்லாரை வையுங்கள். நம்மூர்ச் செடி என்றால் எனக்கு ஓரவஞ்சனை உண்டு. அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தஞ்சை வாசகர்: பாம்பு?

நீர்க்கோலி எட்டிப் பார்க்கலாம். விஷமில்லை. எந்தப் பாம்பென்று தெரியாவிட்டால் கிட்டே போகாதீர்கள்.

நாகர்கோவில் வாசகி: இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். குட்டை வைக்கலாமா?

இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன், அம்மா. அந்த வயதுக் குழந்தை சில அங்குல நீரில்கூட மூழ்கிவிடும், சத்தமே கேட்காது. இடித்த வீட்டின் ஜன்னல் கிரில் கிடைத்தால், இடைவெளி சிறியதாக இருக்கும்படி கம்பிவலை சேர்த்து, தொட்டியின் வாயில் நீர்மட்டத்துக்கு மேலே அசையாமல் பதியுங்கள். பெரியவர் ஒருவர் ஏறி நின்றாலும் தாங்க வேண்டும். அதன் பிறகும் அவளைத் தனியாக விடாதீர்கள். இதெல்லாம் முடியாதென்றால், அவள் வளரும்வரை குட்டை வேண்டாம். மொட்டைமாடியில் மண்தட்டு வைத்துத் தினமும் நீர் மாற்றுங்கள்; குருவிக்கு அது போதும்.