அடிமனசும் அடுத்த வீட்டுத் திண்ணையும்

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் 2010-இல் ஒரு கண்காட்சி வைத்தார்கள். உளப்பகுப்பாய்வும் அன்றாட வாழ்க்கையில் நனவிலி மனமும் என்பது பொருள். மனுஷன் தனக்கே தெரியாமல் உள்ளே போட்டுப் பூட்டியிருக்கும் சங்கதிகள் கனவிலும் மறதியிலும் வாய் தவறிச் சொல்லும் சொல்லிலும் எப்படி எட்டிப் பார்க்கின்றன என்று விளக்குகிற கண்காட்சி. கோவில்பட்டிக்காரனுக்கு இதெல்லாம் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற விஷயமில்லை. எங்கள் கரிசல்காட்டில் ஒருவன் அடிமனசில் இருப்பது அவனுக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

வாய் தவறுவதைப் பற்றி வியன்னா டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1901-இல் விரிவாகவே எழுதினார். ஆஸ்திரிய நாடாளுமன்றத் தலைவர் ஒருவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்தது என்று அறிவித்த கதை அதில் வருகிறது. இந்தக் கூட்டத்தால் ஒரு நன்மையும் இல்லை, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவர் உள்ளூர நினைத்திருக்கிறார்.

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்தில் சித்தப்பா பந்தி வாசலில் நின்று, வருகிறவர் கையையெல்லாம் பிடித்து, “சாப்பிடாமப் போகக் கூடாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது பந்திக்கும் ஆள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்ததும் வாய் குழறிவிட்டது. “எல்லாரும் கண்டிப்பாச் சாப்பிடாமப் போகணும்” என்றார். இலைக்கு முன்னால் இருந்த பாட்டி ஒருத்தி அப்பளத்தை நொறுக்கியபடியே, “பாவம், சோறு தட்டுது போல. ஏலே, எனக்கு மறுசோறு வேண்டாம், ரசத்தைக் கையில ஊத்து” என்றாள். உள்ளே போய்ப் பார்த்தால் அண்டாவில் நிஜமாகவே அடிச்சோறுதான் கிடந்தது. ஃப்ராய்டுக்கு ஒரு அத்தியாயம் தேவைப்பட்ட வேலை, பாட்டிக்கு ஒரு அப்பளத்தோடு முடிந்தது.

கனவு விஷயத்திலும் மனுஷர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1899 நவம்பரில் வெளிவந்த அவருடைய கனவுப் புத்தகம் 600 பிரதிகள் விற்றுத் தீர எட்டு வருஷம் பிடித்தது. இங்கே கனவுப் பலன் பஞ்சாங்கத்தோடு சேர்ந்தே விலைபோகிறது. கனவில் கல்யாணம் கண்டால் கெட்டது, சாவு கண்டால் நல்லது என்பார்கள். கனவு தலைகீழாக்கிக் காட்டும் என்று ஃப்ராய்டும் ஒத்துக்கொள்கிறார். பாம்பில்தான் இரண்டு கட்சிக்கும் முட்டிக்கொள்கிறது. அவர் சொன்ன அர்த்தத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. பருத்திக்காட்டில் நிஜப் பாம்போடு புழங்குகிற எங்கள் அத்தையோ, கனவில் அது கடித்தால் பிடித்த பீடை விட்டது என்று தலை முழுகிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஃப்ராய்டின் சாய்வுக் கட்டில், லண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. 1986 முதல் அந்த வீடு அருங்காட்சியகம். நோயாளி படுத்தபடி மனசில் வருவதையெல்லாம் சொல்ல, டாக்டர் தலைமாட்டில் கண்ணில் படாமல் உட்கார்ந்து கேட்பார். எங்களுக்கு இந்த ரகசியமெல்லாம் சரிப்படாது. காளியம்மன் கொடையில் மேளம் சூடு பிடித்ததும், வருஷம் பூரா வாய் திறக்காத மருமகளுக்குச் சாமி வரும். “எனக்கு வைக்காமப் பலகாரத்தைப் பானைக்குள்ள ஒளிச்சியேடி” என்று மாமியாரையே ஒருமையில் கேட்பாள். கேட்பது ஆத்தா அல்லவா? “இனிமே குறை வைக்க மாட்டேன் தாயே” என்று மாமியார் குனிந்து திருநீறு வாங்கிக்கொள்வாள். மறுநாள் காலை மருமகள் தட்டில் இரண்டு தோசை கூட விழும். இதைவிடப் பலன் தரும் சிகிச்சை வியன்னாவில் நடந்ததாக நான் படிக்கவில்லை.

அந்த வியன்னா வைத்தியம் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ். ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்கு 1931-இல் அந்தச் சங்கம் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலையை அனுப்பியது. திருவாங்கூர்ச் சிலை ஒன்றைப் பார்த்துச் செய்தது. மேசையில் இருந்த பெருமாள் பிறகு விரிசல் விட்டார். கல்கத்தாவில் பழகிய சாமிக்கு வியன்னா ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஃப்ராய்டுக்குச் சந்தேகம். பூஜை புனஸ்காரம் இல்லாமல் எழுதுகிற மேசையில் நிறுத்தி வைத்தால் பெருமாளுக்குக் கோபம் வராதா என்று பந்திப் பாட்டி கேட்டிருப்பாள்.

நம் ஊரிலும் அப்படியொரு கண்காட்சி வைக்கலாம். சரக்குக்குப் பஞ்சமில்லை. வெளியே சொல்லக் கூசுகிற நாட்டுப்புறக் கதைகளையும் விடாமல் சேகரித்து, ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று புத்தகமாகவே போட்டவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவருக்கு அரசு எழுப்பிய நினைவரங்கம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. அங்கே ஒரு மூலை ஒதுக்கினால் போதும். பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நேற்று ராத்திரி கண்ட கனவை வழியில் டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள். வியன்னா டாக்டர் ரகசியம் காப்பார். இங்கே நீங்கள் வீட்டுக்குப் போவதற்குள் அது உங்கள் மாமனார் காதுக்குப் போயிருக்கும்.