விரலைப் பழுதுபார்க்கும் சர்க்கார்

குளத்தூர்ப் பக்கம் ரேஷன் கடை வரிசையில் ஒரு வைத்தியம் நடக்கிறது. படுத்திருப்பது எங்கோ குளுகுளு அறையில் இருக்கும் சர்வர். மருந்து போடுவது ஆச்சியின் கட்டைவிரலுக்கு.

“சர்வர் சுத்துது ஆச்சி. விரலத் தலையில தேய்ச்சிட்டு வையுங்க.”

“தேய்ச்சுத் தேய்ச்சு முடிதான்யா கொட்டுது. அது சுத்தட்டும், நான் எப்பம் காட்டுக்குப் போக?”

முந்தானையில் துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. கரிசலில் களை வெட்டியும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியும் தேய்ந்த ரேகை. ரேகை வைத்து அரிசி வாங்கும் முறை தமிழ்நாட்டுக்கு 2020 அக்டோபரில் வந்தது. அதே ஆண்டுதான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மிட்டாயை அடையாளம் கண்டுகொண்டார்கள். கடலை பறித்த கையைத்தான் அடையாளம் தெரியவில்லை.

சர்வர் சுத்தினால், வேலை தெரிந்த எஞ்சினியர் விரலைத் தொடமாட்டார். டேட்டாபேஸின் ஸ்லோ குவெரி லாகைத் திறப்பார். எந்தக் கேள்வி எத்தனை நொடி தின்றது என்று அதிலேயே இருக்கும். இன்டெக்ஸ் என்கிற தேடும் அட்டவணை போடாத டேபிளில் ஒரு அட்டையைத் தேடச் சொன்னால், அது மொத்த வரிசையையும் தலையிலிருந்து கால்வரை புரட்டும். தமிழ்நாட்டில் அட்டைகளோ 2 கோடிக்கும் மேல். பதில் வரத் தாமதமானால் கடையில் இருக்கும் ரேகை மிஷின் மறுபடி கேட்கும். முதல் கேள்வியே முடியாதபோது இரண்டாவதும் போய் நெரிக்கும். ஆச்சி விரலை வைக்க வைக்க நெரிசல் கூடும். பழைய பதிவுகளைத் தனியே ஒதுக்கி, இன்டெக்ஸ் போட்டால் நொடியில் முடிகிற வேலை. ஆனால் லாகைத் திறந்தால் யார் கோட்டைவிட்டது என்று தெரிந்துவிடுமே! “நாளைக்கு வாங்க” என்பதில் அந்த வம்பு இல்லை. போவது ஆச்சியின் ஒருநாள் கூலிதானே.

கூலியோடு நிற்காத கதையும் உண்டு. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டில் 11 வயது சந்தோஷி குமாரி இறந்தாள். ஆதார் இணைக்காததால் அந்த வீட்டு ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. பட்டினி என்றார் தாய்; மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது: ரேகை விழாவிட்டாலும், நெட் இணைப்பு கிடைக்காவிட்டாலும் யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது, நோட்டில் பதிந்து கொடுக்க வேண்டும்.

கடைச் சுவரில் விலைப்பட்டியல் இருக்கிறது, இருப்பு விவரம் இருக்கிறது, தலைவர்கள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். இந்த உத்தரவை எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள், ஐயா?