பெரிய வாய் வைத்தால் மலை ஏறுமா?

கே: போடிமெட்டு ஏறும்போது என் பழைய டீசல் ஜீப் திணறுகிறது. ஒரு காரின் த்ராட்டில் பாடி மலிவாகக் கிடைக்கிறது, மாட்டலாமா அண்ணே? (ஜீப் ஓட்டுநர், முந்தல்)

ப: இல்லாத மூக்குக்கு மூக்குத்தி வாங்கப் போகிறீர்கள், தம்பி! த்ராட்டில் பாடியின் தகட்டால் காற்றை மறித்து வேகத்தை அடக்குவது பெட்ரோல் எஞ்சின். டீசலில் காற்று தாராளமாகப் போகும். ஆக்சிலேட்டர் பேசுவது டீசல் பம்போடு. பழைய சில எஞ்சின்களில் காற்றுக் குழாய்க்குள் ஒரு தகடு உண்டு, ஆனால் அது கவர்னருக்கு வெற்றிடம் காட்ட வைத்தது. அதில் கை வைத்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும். அந்தக் காசில் ஏர் ஃபில்டர் மாற்றுங்கள், பம்பையும் நாசிலையும் காட்டுங்கள்.

கே: போடியில் பறக்கிற பைக் போடிமெட்டில் ஏன் சோர்ந்து போகிறது? (கல்லூரி மாணவர், போடி)

ப: ஊர் சுமார் 350 மீட்டர் உயரம், மெட்டு சுமார் 1,400. அதற்குள் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், சக்தியும் கூடவே போகும். இஞ்செக்‌ஷன் வண்டி சென்சாரைப் பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டி புகையைக் கக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, கியரைக் குறைப்பது!

கே: 28 மி.மீ. இருந்த இடத்தில் 32 மி.மீ. த்ராட்டில் பாடி. நாலே நாலு மி.மீ. தானே? (பைக் பிரியர், தேவாரம்)

ப: விட்டம்தான் நாலு, பரப்போ 30 சதவீதம் கூடுகிறது. சக்தி அப்படிக் கூடாது. வால்வும் போர்ட்டும் பழைய அளவிலேயே உட்கார்ந்திருக்கின்றனவே! நிச்சயமாகக் கூடுவது ஒன்று: கைப்பிடியைக் கொஞ்சம் திருகினாலே வண்டி பாயும். 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டுச் சாலையில் பாய்ச்சலா வேண்டும்?

கே: என் ஜிப்சியில் பழைய பலேனோவின் த்ராட்டில் பாடி உட்காருமா? (ஏலத் தோட்டக்காரர், பூப்பாறை)

ப: இது கேள்வி! ஜிப்சி தயாரிப்பு நின்று வருடங்கள் ஆயின, சாமான் தேடுவது நியாயம். உங்களுடைய எம்.பி.எஃப்.ஐ. (இஞ்செக்‌ஷன்) ஜிப்சி 1.3 லிட்டர், அந்த பலேனோ 1.6. இரண்டும் சுசுகியின் ஜி வகை எஞ்சின், ஆகவே பேசலாம்.

முதலில் போல்ட் துளைகளை அளந்து பாருங்கள். ஒத்து வராவிட்டால் லேத் பட்டறையில் அலுமினிய அடாப்டர் பிளேட் கடையலாம். அதன் உள்வாய் சரிவாகக் குறுக வேண்டும், படி விழுந்தால் காற்று இடறும். பேக்கிங்கில் மயிரிழை கசிந்தாலும் ஐட்லிங் ஏறி இறங்கும்.

போல்ட் இறுகியதும் பாதி மெக்கானிக்குகள் கை கழுவிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். மீட்டரை வையுங்கள்: பொசிஷன் சென்சார் மூடிய நிலையில் சுமார் அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் நாலுக்கு மேல் காட்ட வேண்டும். நடுவில் எங்கும் குதிக்கக் கூடாது. ஐட்லிங் வால்வின் ஒயரும் பழசோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பலேனோவை மறந்துவிடுங்கள்.

கே: ஆக்சிலேட்டர் கேபிளே இல்லாத புது காருக்கு வேறு த்ராட்டில் பாடி மாட்டலாமா? (வாசகர், சின்னமனூர்)

ப: தொடாதீர்கள். தகட்டின் நிலையை இரட்டை சிக்னலில் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் வண்டி நொண்டும்.

கே: இப்படி மாற்றினால் சட்டம் பிடிக்குமா? (வாசகர், கோம்பை)

ப: ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்னாடியே கேட்டால் செலவு பஸ் டிக்கெட்டோடு போகும்.

கே: செலவில்லாமல் பிக்கப் கூட வழி? (ஆட்டோ ஓட்டுநர், போடி)

ப: இருக்கிற த்ராட்டில் பாடியைத் துடையுங்கள். எஞ்சினிலிருந்து திரும்பிவரும் எண்ணெய் ஆவி தகட்டு விளிம்பில் கரியாகப் படியும். கிளீனரும் துணியும் போதும். கத்தியால் சுரண்டினால் புதுசு வாங்க வேண்டியதுதான்.

கே: எல்லாம் மாட்டியாயிற்று, விடியற்காலை தோட்டத்துக்கு ஆள் ஏற்றலாமா? (பெட்ரோல் ஜீப் உரிமையாளர், சிலமலை)

ப: கூடாது! ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் தகடு டக்கென்று மூட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் பாருங்கள், சூடேறிய பின்னும் பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்தாலோ கேபிள் சிக்கினாலோ வளைவில் ரேஸ் குறையாமல் அப்படியே நிற்கும், பிரேக் ஒன்றே கதி. பின்னால் காய் பறிக்கப் போகிற பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆள் ஏற்றாமல் மெட்டு வரை ஏறி இறங்குங்கள். கீழே வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அதற்குப் பிறகு ஆள் ஏற்றுங்கள், அதுவும் பர்மிட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட வேண்டாம்.